பேசிக்கிட்டே மிதிங்க

"பேசுங்க! வாய மூடாதீங்க, பேசுங்க!"

அம்சவள்ளி கத்திக்கொண்டே மிதித்தாள். சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் சொருகியிருந்தாள். அவள் ஏறியிருந்த லேடீஸ் சைக்கிளின் செயின் கார்டு கடகடவென்று அடித்துக்கொண்டது. அவளுக்கு இரண்டு முழம் முன்னால் அவள் புருஷன் வைரக்கண்ணு போய்க்கொண்டிருந்தான். முதுகு வளைந்திருந்தது. கழுத்து நீண்டிருந்தது. வாய் மட்டும் இறுக மூடியிருந்தது.

"என்னாத்தப் பேசச் சொல்ற?"

"எதையாச்சும். நேத்து என்ன கொழம்பு வச்சேன், சொல்லுங்க."

"புளிக்கொழம்பு."

"அது ஒத்த வார்த்த. நீட்டிச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"ஏங்க!"

ரோட்டோரக் கொல்லையில் கடலைக்குக் களை கொத்திக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பாயி களைக்கொத்தியைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாயைப் பிளந்தாள்.

"யாத்தே, அம்சவள்ளி புருசன வெரட்டிக்கிட்டுப் போறாடி!"

"அந்த மனுசன் என்னா பண்ணுச்சாம்?"

"அது எங்க பண்ணப் போவுது? பத்துத் தடவ கூப்புட்டா ஒருதடவ 'ம்'முங்கும்."

"அதான் பேசு பேசுன்னு அடிக்கப் போறா போல."

சிரிப்பு காற்றில் பின்னாலேயே வந்தது. அம்சவள்ளி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காது முழுக்க முன்னால் இருந்தது. புருஷன் எத்தனை வார்த்தையை ஒரே மூச்சில் சொல்கிறான் என்பதில்தான் அந்த வீட்டின் சோறு இருந்தது.

குன்னத்துக்குக் கிழக்கே சித்தேரிப்பாடி. அங்கிருந்து அரியலூர் பக்கத்து சிமெண்ட் ஆலைக்கு வைரக்கண்ணு தினமும் சைக்கிளில் போய்வந்தவன். சுண்ணாம்புக்கல்லை உடைக்கும் கிரஷரில் வேலை. எண்பத்திரண்டாம் வருஷம் மார்கழியில் இருமல் வந்தது. பொங்கல் கழிந்து இருமலோடு ரத்தம் வந்தது. அதை அவன் வீட்டில் சொல்லவில்லை. அம்சவள்ளியின் தம்பி சிங்காரவேலுவுக்குத் தெரியும். அவனும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தான். மாமா சொல்ல வேண்டாம் என்றதால் அவனும் சொல்லவில்லை. ஒருநாள் துவைக்கப் போட்ட துண்டைப் பார்த்து அம்சவள்ளியே கண்டுபிடித்தாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் விழுந்த திட்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் காசம் என்றார்கள். ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி. வெள்ளாமை, மாடு, சொசைட்டிக்குப் பால் என்று எல்லாம் அம்சவள்ளி தலையில் விழுந்தது. பால் கேனைச் சுமந்து நடந்தால் நேரத்துக்குப் போக முடியவில்லை. புருஷனின் சைக்கிள் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தாள். நாலு இடத்தில் விழுந்தாள். ஐந்தாவது இடத்தில் விழாமல் போய்ச் சேர்ந்தாள். சைக்கிள் கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

ஆனியில் பெரம்பலூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆறிடுச்சு. சளியில கிருமி இல்ல. மாத்திரைய மட்டும் விட்டுடாத."

"வேலைக்கு அனுப்பலாமாங்க?" என்று அம்சவள்ளி கேட்டாள்.

"ஆறின நெஞ்சு வேற, வேலைக்குப் போற நெஞ்சு வேறம்மா. எப்படிப் போவாரு?"

"சைக்கிள்தாங்க. மொத ஷிப்ட்டு. அந்நேரத்துக்கு பஸ் கெடையாது."

"அப்ப கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும்."

"எவ்வளவு தூரம் மிதிக்கலாம்ங்க?"

"தூரத்த விடு. ஒரே தூரம் ஆடிக் காத்துல ஒரு மாதிரி, கார்த்திகையில ஒரு மாதிரி. ஒடம்பு மேல எவ்வளவு சுமை ஏறுதுன்னு பாக்கணும்."

"அத எப்படிங்க பாக்கறது? மூட்டையா என்ன, தராசுல வைக்க?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெட்ராசுல ஆள மிதிக்க வச்சு மூச்ச அளக்கற மெஷின் இருக்கு. இங்க இல்ல. ஆனா அவருக்கு வாய் இருக்குல்ல? நீளமா ஒரு சேதி சொல்லிக்கிட்டே மிதிக்க முடிஞ்சா சுமை கம்மி. பேச்சு துண்டு துண்டா வந்தா, அதுக்கு மேல கூட்டாத. பேச்சே வரலன்னா எறங்கிடணும். மூச்சு நெலைக்கு வந்தப்பறம்தான் மறுபடி ஏறணும்."

நல்ல யோசனைதான். டாக்டருக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்று. வைரக்கண்ணு பேசுகிற ஆளே இல்லை. தாலி கட்டும்போது மேளச் சத்தத்தில் அவன் என்னமோ சொன்னதாக அம்சவள்ளி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது தும்மல் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆலையின் டாக்டர் வேறு மாதிரி ஆள். சுருக்கமாக முடித்துவிட்டார். "ஆவணி பொறந்து மொத திங்கக்கிழமை, ஒங்க ஊர்லேருந்து சைக்கிள் மிதிச்சு, மொத ஷிப்ட்டு சங்கு ஊதறதுக்குள்ள வந்து நில்லு. பாத்துட்டு எடுத்துக்கறேன். லாரியில தொத்திக்கிட்டு வந்தா எடுக்க மாட்டேன். நாளைக்கு நீ வழியில விழுந்து கெடந்தா ஆலை தலையில விடியும்." அவன் இடத்தில் தற்காலிகமாக நின்றவன் அன்றைக்கு வைரக்கண்ணு வராமல் போகவேண்டும் என்று ஐயனாருக்கு வேண்டிக்கொண்டிருந்தான். அதை அவனே சிங்காரவேலுவிடம் சொல்லிச் சிரித்தான்.

ஆடி முழுக்க இருந்தது. அம்சவள்ளி பால்வாடி டீச்சர் செல்வம்மாளிடம் லேடீஸ் சைக்கிளை இரவல் கேட்டாள். டீச்சர் வயிற்றில் பிள்ளையோடு இருந்ததால் சைக்கிள் சும்மாதான் நின்றது.

முதலில் ஓடைப்பாலம் வரைக்கும் போனார்கள். பேச்சு துண்டு துண்டாக வந்தது. திரும்பிவிட்டார்கள். இரண்டு நாள் அதே பாலம். மூன்றாவது தடவை பாலத்துக்குப் போகும்வரை வைரக்கண்ணு ஒரு முழு விஷயத்தைச் சொல்லி முடித்தான்.

"எங்க குவாரியில வெடி வைக்கிறதுக்கு முன்னாடி மைனா எல்லாம் பறந்துரும்."

"சங்கு ஊதுவாங்கல்ல, அதுல பறக்கும்."

"சங்குக்கு முன்னாடியே பறந்துரும்."

அம்சவள்ளிக்கு ஆச்சரியமாகப் போயிற்று. "அதெப்படி? அதுக்கு எப்படித் தெரியும்?"

"சங்கு ஊதறவன் படியில ஏறுறத அது பாக்குது."

எவ்வளவு நீளம்! மூச்சு உடையவே இல்லை. அம்சவள்ளி அன்றைக்கு அவனைப் பாலம் தாண்டி மேட்டின் பாதி வரைக்கும் கூட்டிப்போனாள்.

போகப்போக அவளுக்கு அந்த விளையாட்டு பிடித்துவிட்டது. ஒரு மனுஷனுக்குள் எவ்வளவு சுமை ஏறுகிறது என்பதை வெளியில் இருந்து எப்படியெல்லாம் கண்டுபிடிக்கலாம்? பேச்சு ஒன்று. சட்டை இன்னொன்று. மிதித்து வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடச் சொல்வாள். காய்ந்ததும் முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பூத்த அகலத்தைக் கையால் சாண் வைத்துப் பார்ப்பாள். சாப்பாடு மூன்றாவது. அடுத்த நாள் காலையில் கூழ்ச் சட்டியை அவனே எட்டி எடுத்தால் நேற்றைய சுமை சரி. முகத்தைச் சுளித்தால் அதிகம், அன்றைக்கு ஓய்வு.

காற்றையும் பிடித்துவிட்டாள். ஆடிக் காற்று மேற்கே இருந்து அடிக்கும். அரியலூருக்குப் போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். கிழிந்த வேட்டியில் ஒரு கோவணத் துண்டைக் கிழித்து அவன் ஹேண்டில்பாரில் கட்டினாள். துணி முன்னால் பறந்தால் காற்று மிதிக்கிறது. பின்னால் பறந்தால் ஆள் மிதிக்கிறான். நேராகத் தொங்கினால் இரண்டு பேரும் சமம்.

"துணி தொங்குது பாருங்க. இப்பக் காத்தும் நீங்களும் ஒரே வேகம்."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"எங்கயும் இல்ல. கண்ண தொறந்து பாத்தேன். நீங்க பேச்ச நிறுத்தாதீங்க. முருங்கக்கா சாம்பார் பத்தி சொல்லுங்க."

"எனக்குப் பிடிக்காது."

அம்சவள்ளியின் சைக்கிள் ஒரு வெட்டு வெட்டிவிட்டு நேரானது. "என்னாது?"

"முருங்கக்கா சாம்பார். ஆரம்பத்துலேருந்தே பிடிக்காது."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து தின்னீங்களே!"

"நீ கேக்கல."

அன்றைக்கு மேட்டடி வரைக்கும் அவளே பேசிக்கொண்டு வந்தாள். அளவெடுக்க மறந்துபோனது.

எல்லாக் கணக்கும் ஒத்துப்போனது. ஏரிக்கரை ஒன்றுதான் ஒத்துவரவில்லை.

மேட்டைத் தாண்டினால் பெரிய ஏரி. கரை மேலேயே ரோடு. படுத்துத் தூங்கலாம் போலச் சமதரை. பின்னால் இருந்து காற்று தள்ளும். துணி முன்னால் பறக்கும். மிதிக்கவே வேண்டாம். அங்கேதான் வைரக்கண்ணுவின் வாய் நின்றுபோகும். மேட்டில் முக்கி முனகிக்கொண்டாவது பேசுகிறவன், உச்சி தாண்டிக் கரையில் சக்கரம் பட்டதும் ஊமை.

"ஏங்க, பேசுங்க."

பதில் இருக்காது.

"சொல்லிக்கிட்டு வந்தீங்களே, பெல்ட்டு அந்துபோன கதை. அப்பறம்?"

பதில் இருக்காது.

"எறங்குங்க. எறங்கிடுங்க."

விதி விதிதான். இரண்டு பேரும் இறங்கி மதகுக் கல்லில் உட்காருவார்கள். தூக்கில் கொண்டுவந்த தண்ணீரை முதலில் அவள்தான் குடிப்பாள். அவன் ஏரியில் நாரை மீன் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். நேரம் போகும். ஒரு சுருட்டு குடித்து முடிக்கிற நேரமாவது ஆகும். பிறகு "போலாமா?" என்பான். எழுந்து ஏறினால் ரயில்வே கேட் வரைக்கும் ஒழுங்காகப் பேசிக்கொண்டு வருவான்.

அந்த உட்காரும் நேரம்தான் வினை. கழித்துவிட்டால் சங்குக்கு முன்னால் ஆலை வாசல். சேர்த்தால் சங்கு ஊதிய பிறகு. வேலை அந்த மதகுக் கல்லில் மாட்டிக்கொண்டு நின்றது.

அம்சவள்ளிக்குத் தூக்கம் போனது. சட்டையில் உப்புக் குறைந்துகொண்டே வருகிறது. காலையில் கூழுக்குக் கை நீளுகிறது. இரண்டும் ஆள் தேறிவிட்டான் என்கின்றன. வாய் மட்டும் இல்லை என்கிறது. மேட்டில் வருகிற பேச்சு சமதரையில் ஏன் வரவில்லை?

தம்பியைக் கூப்பிட்டாள்.

சிங்காரவேலு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது பாட்டுக்குச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"அக்கா, இந்தச் சக்கரம் நிக்கறதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துருவேன். அச்சுல கோன் டைட்டு இல்ல. பிரேக் கட்டை ஒரசல. சைக்கிள்ல கொற இல்ல."

"பின்ன யாரு மேல கொற?"

"மாமாவத்தான் கவுத்துப் போட்டுப் பாக்கணும்."

"வா மாப்ள, பாரு" என்றான் வைரக்கண்ணு, கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி. பேசக் கற்றுக்கொண்ட பிறகு கிண்டலும் கூடவே வந்திருந்தது.

இருந்தாலும் அம்சவள்ளி விடவில்லை. மறுநாள் சைக்கிளை மாற்றினாள். ஆம்பளை சைக்கிளில் அவள். பூப்போட்ட சீட் உறையும் முன்னால் கூடையும் வைத்த லேடீஸ் சைக்கிளில் அவன். கடலைக் கொல்லையில் அன்றைக்குக் களை கொத்து நடக்கவே இல்லை.

"அண்ணே, கூடையில என்னா, பூவா?" என்று பாப்பாயி கத்தினாள்.

"ஒன் நாக்க வெட்டிப் போடத்தான்!" என்று அம்சவள்ளி திருப்பிக் கத்தினாள். அதற்கே அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

ஏரிக்கரை வந்தது. வாய் நின்றது. ஆகவே சைக்கிள் காரணம் இல்லை.

பாப்பாயி சாயங்காலம் விபூதியோடு வந்தாள். "அந்த மதகுல முனி இருக்கு. பேசிக்கிட்டுப் போனா அதுக்குப் பிடிக்காது. ஒரு கோழி அறுத்து விட்டுருங்க."

"முனிக்கு அறுக்கற கோழிய இவருக்கு அறுத்தா நெஞ்சுல சத்து ஏறும்" என்றாள் அம்சவள்ளி. அவள் அடுப்பில் ஆட்டு ஈரல் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்ட வாசனை வாசல் வரைக்கும் வந்தது. வைரக்கண்ணுவுக்கு ஈரலும் அவித்த முட்டையும். பிள்ளைகள் இரண்டுக்கும் ஆளுக்குப் பாதி முட்டை. அம்சவள்ளி சட்டியைச் சுரண்டி அதில் கேழ்வரகுக் களியை உருட்டிப் பிசைந்துகொண்டாள்.

"ஒனக்கு?" என்றான் வைரக்கண்ணு.

"அப்பவே தின்னுட்டேன். நீங்க பேசாம சாப்புடுங்க."

"பேசுங்கற, பேசாதங்கற. எதாச்சும் ஒண்ணு சொல்லு."

சிங்காரவேலு புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

ஆடி கடைசியில் வெங்காயக் கொல்லைக்குத் தண்ணீர் முறை வந்தது. பக்கத்துக் கிணற்றுக்காரர் ஒருநாள் காலை மட்டும் இன்ஜின் ஓட்டத் தருவதாகச் சொன்னார். அம்சவள்ளி மண்வெட்டியோடு மடை மாற்றப் போகவேண்டி வந்தது. அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட் என்பதால் சிங்காரவேலு மாமாவோடு சைக்கிளில் போனான்.

வெயில் ஏறித் திரும்பி வந்தவன் சைக்கிளை விட்டு இறங்குமுன்பே கத்தினான்.

"அக்கா! மாமா வழிபூரா வாய மூடல!"

அம்சவள்ளி சேற்றுக் காலோடு வரப்பில் நின்றாள். "ஏரிக்கரையில?"

"ஏரிக்கரையிலயும்தான். கரையில போயிக்கிட்டே என் கல்யாணத்துல பந்தியில நடந்த சண்டைய மொதல்லேருந்து கடைசி வரைக்கும் சொன்னாரு. நாந்தான் போதும் மாமான்னேன். எறங்கவே இல்ல. ஆலை வாசல்ல நிக்கிறோம், சங்கு ஊதவே இல்ல."

அவள் தம்பியின் முகத்தையே பார்த்தாள். பிறகு புருஷனின் முகத்தை. அவன் குனிந்து பெடலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"பொய்."

"யக்கா, சத்தியமா..."

"அன்னிக்கு ரத்தம் வந்தப்பவும் ரெண்டு பேரும் சேந்துதானடா மறைச்சீங்க. 'அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, பீடிக் காரல்'னு ஒன் வாயாலதான் சொன்ன. இன்னிக்கு நான் இல்ல, பேசுனாரு. நான் இருந்தா பேச்சு நிக்குது. இத நம்பச் சொல்றியா?"

ஒருதரம் பொய் சொன்னவனின் நிஜத்துக்கு அந்த வீட்டில் விலை இல்லை.

அவள் புருஷனிடம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"திங்கக்கிழமை நான்தான் கூட வருவேன். ஏரிக்கரையில பேச்சு நின்னுச்சுன்னா ஒக்காரப் போறதில்ல, அங்கேயே திரும்பிடுவோம். வேலை போனாப் போவட்டும். எனக்கு ஆளு வேணும். சரின்னு சொல்லுங்க."

வைரக்கண்ணு அவளைப் பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன் மாதிரி உதடு அசைந்தது.

"சரி" என்றான்.

திங்கட்கிழமை. கிழக்கு வெளுக்கும்போதே கிளம்பிவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாப்பாயி காவல். ஆவணி பிறந்தும் ஆடிக் காற்று ஓயவில்லை. கரிசல் புழுதி ரோட்டில் பாம்பு மாதிரி ஊர்ந்து முன்னால் ஓடியது.

வைரக்கண்ணு ஓடைப்பாலத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டான். கிரஷரில் கல் விழுகிற சத்தத்தை வைத்தே கல்லின் ரகம் சொல்வானாம். நல்ல கல் தேங்காய் உடைகிற மாதிரி விழுமாம். களிமண் கலந்த கல் சாணி விழுகிற மாதிரியாம். மேட்டில் ஏறும்போது பேச்சு இரண்டாக உடைந்தது, மூன்றாக உடைந்தது, நிற்கவில்லை. உச்சி வந்தது. ஏரி பளபளவென்று தெரிந்தது.

அம்சவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டாள். காது கூர்மையானது.

கரையில் சக்கரம் பட்டது.

வைரக்கண்ணு பேச்சை நிறுத்தினான்.

ஒரு பனை கடந்தது. இரண்டாவது பனை கடந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் பிரேக்கில் கைவைத்தாள். வேலை போயிற்று.

"செயின் கழண்டுகிச்சு போலருக்கு" என்றான் வைரக்கண்ணு சத்தமாக. "ஒரு நிமிசம் நில்லு. நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், கேக்குதா? செயின் பாக்கறேன். இந்தச் செயின் இருக்கே, இது குன்னம் சந்தையில வாங்கினது. வாங்கும்போதே ஒன் தம்பி சொன்னான், மாமா இது இழுத்துப் போவும்னு. நான் கேக்கல..."

இறங்கிக் குந்திக்கொண்டான். பேசிக்கொண்டே செயினைத் தடவினான். கழன்ற மாதிரி அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் பேச்சு வருகிறது! உடையாமல், நீளமாக, வாய்க்கால் தண்ணீர் மாதிரி வருகிறது. அவள் ஹேண்டில்பாரில் சாய்ந்து நின்று கேட்டாள். பேச்சு நிற்கவில்லை என்றால் திரும்ப வேண்டியதில்லை.

மறுபடி ஏறினார்கள். கரையின் பாதியில் செருப்பு வார் அறுந்துவிட்டது என்றான். இறங்கிப் பேசிக்கொண்டே வாரைப் பார்த்தான். கரை முடியும் இடத்தில் டயரில் முள் ஏறிய மாதிரி இருக்கிறது என்றான். இறங்கிப் பேசிக்கொண்டே டயரை அமுக்கினான். இடையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். அம்சவள்ளிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"என்னாங்க, இன்னிக்கின்னு பாத்து எல்லாம் ஒண்ணா ஒடையுது?"

"பழைய வண்டி. அப்படித்தான். வா, இனிமே எறக்கம்தான்."

ஏரிக்கரையில் போன நேரத்தை ரயில்வே கேட்டுக்கு அப்பால் அவன் பிடித்தான். கேட் திறந்தே இருந்தது. "நீ மெதுவா வா, நான் முன்னாடி போறேன்" என்று சொல்லிவிட்டுச் சீட்டில் இருந்து எழுந்து நின்று மிதித்தான். துணி பின்னால் பறந்தது. காற்றையே முந்திக்கொண்டு போகிறான்! அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புழுதிக்குள் மறைந்தான். அவள் பாதி ரோட்டில் இருக்கும்போது சங்கு ஊதியது. அவள் இன்னும் அழுத்தி மிதித்தாள்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. ஆளைக் காணவில்லை. உள்ளே விட்டுவிட்டார்கள் என்று காவலாளி சைகை காட்டினார்.

அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். வெயில் மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது. டீக்கடைக்காரர் கேட்காமலேயே ஒரு டீயும் பன்னும் கொண்டுவந்து கொடுத்தார். பன்னைப் பாதி தின்றுவிட்டு மீதியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வைரக்கண்ணு வந்தான். நடையைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

"நாளையிலேருந்து வரச் சொல்லிட்டாரு. கிரஷர் வேணாமாம், தூசு ஆவாதாம். பம்புசெட் வூட்டுல போட்டிருக்காரு."

அவள் தலையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

"டாக்டரு என்னா கேட்டாரு?"

"வழியில எறங்குனியான்னு கேட்டாரு. எறங்குனேன்னேன். மூச்சு வாங்குச்சான்னாரு. இல்லீங்கன்னேன். கொழாய நெஞ்சுல வச்சாரு, முதுகுல வச்சாரு. நல்லாருக்குன்னுட்டாரு."

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரயில்வே கேட் வரைக்கும் நடந்தார்கள். சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் அவளுக்குள் அந்தப் பழைய அரிப்பு எழுந்தது.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு ஏரிக்கரையில அவ்வளவு பேசினீங்க. தம்பிகூடப் போன அன்னிக்கும் பேசினீங்கன்னுதான் இப்பத் தோணுது. அப்பறம் ஏன் என்கூட வந்தா மட்டும் அங்க வாய் வரல?"

வைரக்கண்ணு சைக்கிளை வலது பக்கம் திருப்பினான்.

"வூட்டுக்கு இந்தப் பக்கங்க."

"அரியலூரு பெரியாஸ்பத்திரிக்கு இந்தப் பக்கம்."

"அங்க எதுக்கு? அதான் நல்லாருக்குன்னுட்டாரே!"

"எனக்கு நல்லாருக்குன்னாரு."

அவள் நின்றுவிட்டாள். அவனும் நின்றான். ஆனால் திரும்பவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். சைக்கிளில் போகும்போது பேசிப் பேசி அந்தப் பழக்கம் வந்திருந்தது.

"மேடு ஏறி உச்சிக்கு வந்ததும் பின்னாடி ஒன் மூச்சு எனக்குக் கேக்கும் வள்ளி. கொல்லன் துருத்தி மாதிரி. மொத நாளே கேட்டேன், ஒனக்கு மூச்சு வாங்குதேன்னு. எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்னுட்ட. மறுபடி கேட்டிருந்தா சத்தம் வராம அடக்கிக்கிட்டு வந்திருப்ப, எனக்குத் தெரியாமலே போயிருக்கும். எறங்குன்னா நீ எறங்க மாட்ட. நான் பேச்ச நிறுத்துனாத்தான் எறங்குவ. அதனாலதான் நிறுத்தினேன்."